மின்சாரப் பீங்கானும் அதன் மூலப்பொருள்களும்

கம்பத்தின் உச்சியில் மின்சாரக் கம்பியைத் தாங்கி நிற்கும் பீங்கான் குமிழை யாவரும் கண்டிருப்பர். 1932-ல் பைக்காராவிலும் 1937-ல் மேட்டூரிலும் நீர்வலியால் மின்சாரம் உண்டாக்கப்பட்ட பின்னர், அது சிறிது சிறிதாக வயற்கிணறுகள் வரையில் வந்து சேர்ந்தது. கம்பியிலுள்ள மின்சாரம் கம்பத்தில் இறங்காதவாறு தடுப்பதே அக்குமிழின் வேலை. அதனுள் ஈரம் புகுமாயின் மழைக்காலத்தில் இரும்புக் கம்பத்தை உரசும் மாட்டிற்கும், தொடும் மனிதனுக்கும் உயிராபத்து நேரும். ஆதலின் கிண்ணத்தில் பொறுக்கத்தக்க குறை குமிழில் பொறுக்கத்தக்கதன்று. அக்குறை சூளையில் வெளிப்படினும், அதன் வித்து பெரும்பாலும் மண்ணிலும் கல்லிலுமே உள்ளது.

நெடுங்கால வழக்கப்படி இப்பீங்கானில் ஏறக்குறையப் பாதி களிமண்; மற்றப் பாதியில் பெல்ட்ஸ்பார் கல்லும் வெங்கச்சங்கல்லும் சமபங்காகச் சேரும். கேரளத்துக் குண்டறையில் வெள்ளைக் களிமண்ணும், சேலம், நாமக்கல், கரூர் வட்டாரங்களில் அவ்விரு கற்களும் கிடைக்கின்றன.

களிமண் உருக்கொடுக்கிறது. சுத்தமான வெள்ளைக் களிமண் வெயிலில் எவ்வளவு உலர்ந்தாலும், எடையில் நூற்றுக்குச் சுமார் 14 பங்கு நீர் அதனோடு கலந்தே நிற்கும். 450 முதல் 600 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில்தான் அந்நீர் நீங்கும். அவ்வேளையில் தீயை விரைவுபடுத்தினால் தடித்த குமிழ் பிளந்துவிடும். களிமண் மிகுந்தால் சுருக்கமும் மிகுந்து உருக் கோணும்.

வெங்கச்சங்கல் எலும்புபோல் நின்று உருவைத் தாங்குகிறது. ஆயினும் அதற்கு ஒரு விபரீத குணம் உண்டு. 573 டிகிரியில் அது திடீரென விரியும். ஆறும்போது அதே அளவில் திடீரெனச் சுருங்கும். சூடேறும்போது மண் இன்னும் இறுகாதிருப்பதால் அவ்விரிவைத் தாங்கிக்கொள்ளும். ஆறும்போதோ குமிழ் கல்லாக இறுகிவிட்டபடியால் விரிசல் காணும். சூளையை அவசரப்பட்டுத் திறப்பதால் விளையும் நஷ்டம் இதுவே. கல்லைப் பருமனாக அரைத்தால் ஒவ்வொரு பரலைச் சுற்றியும் நுண்ணிய பிளவு உண்டாகும். மிக்க பலம் வேண்டிய குமிழ்களில் இக்கல்லுக்குப் பதிலாக இப்போது அலுமினாவைச் சேர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெல்ட்ஸ்பார்தான் உருகிப் பிணைப்பது. பொட்டாஷ் மிகுந்த கல் சுமார் 1,150 டிகிரியில் உருகத் தொடங்கிக் கம்பிப்பாகு போலக் கெட்டியாக நிற்கும். உஷ்ணம் சற்று ஏறினும் உரு கெடாது. சோடா மிகுந்த கல்லோ முன்னதாகவே உருகி, நீர்த்த பாகு போல் இளகும், குமிழ் சாய்ந்துவிடும். சூளையின் முடிவான உஷ்ணம் சாதாரணமாக 1,250 முதல் 1,350 டிகிரி வரையில் இருக்கும். அதற்குக் குறைந்தால் நுண்துளைகள் அடைபடா. மீறினால் உள்ளே காற்றுக் கொப்புளங்கள் எழும்.

இதனால் கல்லோ மண்ணோ விற்கும் சங்கத்தார் அறியவேண்டியது ஒன்றுண்டு. பச்சையில் வெண்மையாயிருக்கும் மண், இரும்புச் சேர்க்கையால் வெந்தபின் பழுப்பாகலாம்; ஆதலின் மாதிரியைச் சுட்டே பார்க்கவேண்டும். பொட்டாஷா சோடாவா என்பது கண்ணுக்குப் புலப்படாது. இரசாயனப் பரீட்சையே வழி. முதல் வண்டியில் ஒரு வகையும் அடுத்த வண்டியில் வேறு வகையும் அனுப்பினால், முன்னதற்கென அமைத்த தீயில் ஒரு சூளைச் சரக்கு முழுதும் பாழாகும். குவியலை நன்கு கலந்து, ஒரே தரமாக அனுப்பும் சங்கத்திற்கே வாங்குவோர் மீண்டும் வருவர்.

வெந்த குமிழைச் சோதிக்கும் முறை எளிது. மெருகு பூசாத உடைந்த துண்டைச் சிவப்புச் சாய நீரில் அழுத்தத்துடன் ஊறவைத்து, எடுத்து மறுபடியும் உடைப்பார்கள். சாயம் உள்ளே இறங்கியிருப்பின் அக்குமிழ்கள் கம்பமேறா.