அமைதியான நீரில் மறைந்திருக்கும் அபாயம்

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு மாணவியர் ஓர் அணைக்கட்டுக்குச் சுற்றுலா சென்றோம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை நீர் கண்ணாடிபோல் அசையாமல் கிடந்தது. கரையிலோ, "இங்கு குளிக்காதீர், நீந்தாதீர்" என்ற எச்சரிக்கைப் பலகை. "சிறு அலைகூட இல்லாத இந்த நீரில் என்ன ஆபத்து, சிஸ்டர்?" என்று கேட்டோம். "படித்துப் பாருங்கள், தெரியும்" என்றார்கள் சிஸ்டர். படித்தோம். அணை நீருக்குள் மூழ்கிச் செல்லும் மனிதர்களைப் பற்றி அறிந்தபோது எங்கள் கேள்விக்கு விடை கிடைத்தது. அதையே இங்கு எழுதுகிறோம்.

நீருக்கடியில் மீனைப்போல் உலவ வேண்டும் என்பது மனிதனின் நெடுநாளைய ஆசை. அதை நிறைவேற்றியது 'ஸ்கூபா' என்னும் சுவாசக் கருவி. பிரான்ஸ் நாட்டுக் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும், பொறியாளர் எமில் கான்யானும் 1943ஆம் ஆண்டில் இதற்குச் சிறந்த வடிவம் கொடுத்தனர். முதுகில் கட்டிய உருளையில் காற்று அழுத்தி அடைக்கப்பட்டிருக்கும். நீந்துபவர் மூச்சை இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்து நீரழுத்தத்திற்குச் சமமான அழுத்தத்தில் காற்று வாய்க்குள் வரும். உருளையில் இருப்பது பிராணவாயு மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான்.

ஸ்கூபா என்றால் கடலும் பவளப்பாறைகளுமே நம் நினைவுக்கு வரும். ஆனால் அணைகளின் நீர்த்தேக்கங்களையும் நாடிச் செல்வோர் உண்டு. அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட ஹூவர் அணையை எடுத்துக்கொள்வோம். 221 மீட்டர் உயரமுள்ள அந்த அணையை 1935ஆம் ஆண்டில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அர்ப்பணித்தார். அதன் பின்புறம் தேங்கிய நீரே மீட் ஏரி. பாலைவனத்தின் நடுவே நீலப் பட்டு விரித்தாற்போல் காட்சி தரும் அந்த ஏரி, சுழியோடிகளுக்குப் பெயர் பெற்ற இடம்.

அங்கே அப்படி என்ன இருக்கிறது? அணை கட்டியபோது கான்கிரீட்டுக்காக ஜல்லியையும் மணலையும் தரம் பிரித்த ஆலையின் சிதைவுகள் நீரில் மூழ்கிக் கிடந்தன. 1948 ஜூலை 21 அன்று, விஞ்ஞான ஆராய்ச்சிக்காகப் பறந்த பி-29 விமானம் ஒன்று அந்த ஏரியில் விழுந்தது. அதிலிருந்த ஐவரும் உயிர் பிழைத்தனர்; விமானம் மட்டும் மூழ்கியது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக எவர் கண்ணிலும் படாமல் கிடந்த அதைச் சுழியோடிகள் 2001ஆம் ஆண்டில் கண்டுபிடித்தனர். நூலில் படிக்கும் சரித்திரத்தை அருகில் சென்று காண்பது எத்தகைய அனுபவம்! உடலின் பாரம் தெரியாமல் மிதப்பதும், தன் மூச்சொலியைத் தவிர வேறு ஓசையே இல்லாத அமைதியும் மனத்தைக் கவர்வதில் வியப்பில்லை.

ஆனால் ரோஜாவின் அடியில் முள்ளும் உண்டல்லவா? சுழியோடிகள் எங்கும் சந்திக்கும் அபாயங்களை முதலில் பார்ப்போம். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், அந்தக் காற்று இரு மடங்காக விரிய முயலும், நுரையீரல் கிழிந்துவிடும். ஆழத்தில் நெடுநேரம் இருந்தால் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தில் கரைகிறது. அவசரமாக மேலேறினால், சோடாப் புட்டியைத் திறந்ததும் குமிழிகள் பொங்குவதுபோல் அது உடலுக்குள் குமிழிகளாக வெளிப்படும். மூட்டுகளில் கடும் வலி, பக்கவாதம், சில வேளைகளில் மரணமும் நேரிடும்.

நீர்த்தேக்கத்தில் இவற்றோடு வேறு சிலவும் சேர்கின்றன. மேல்நீர் வெயிலில் வெதுவெதுப்பாக இருந்தாலும் கீழ்நீர் சட்டென்று குளிர்ந்துவிடும். ஆறு கொண்டுவந்த வண்டல் அடியில் படிந்திருக்கும். கால் பட்டதும் அது கலங்கித் தன் கையே தனக்குத் தெரியாதபடி இருள் சூழும். பழைய மரக்கிளைகளும் அறுந்த தூண்டில் நரம்புகளும் உடலைச் சுற்றிக்கொள்ளும். மேலும், பல அணைகள் உயரமான இடங்களில் உள்ளன. மீட் ஏரியே கடல் மட்டத்திற்கு 300 மீட்டருக்கு மேல் இருக்கிறது. உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும். நைட்ரஜன் குமிழிகள் எளிதில் தோன்றும். ஆகவே கடலுக்கு வகுத்த கால அளவுகளை அங்கு அப்படியே பின்பற்றக் கூடாது.

இவை யாவற்றிலும் கொடியது அணைச் சுவரின் அருகே இருக்கிறது. இதை விளக்க நாங்கள் இயற்பியல் பாடத்தில் கற்ற ஒரு கணக்கே போதும். 10 மீட்டர் ஆழத்தில் நீர் மட்டும் தரும் அழுத்தம், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோகிராம் எடை. நம்மைச் சுற்றி எல்லாப் பக்கமும் நீர் சமமாக அழுத்துவதால் நாம் நசுங்குவதில்லை. இப்போது அணையில் 30 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு திறப்பு இருப்பதாகவும், அதன் மறுபக்கம் வெறும் காற்று என்றும் கொள்வோம். அத்திறப்பின் பரப்பு 900 சதுர சென்டிமீட்டர். ஒருவரது உடல் அதை அடைத்துக்கொண்டால், ஏறக்குறைய 900 கிலோகிராம் எடை அவரைச் சுவரோடு அழுத்தும். ஒரு சிறிய காரின் எடை அது! எத்தனை வலிமை வாய்ந்தவரும் அதிலிருந்து தம்மை விடுவித்துக்கொள்ள முடியாது. கயிறு கட்டி இழுத்தால் உடல்தான் சிதையும். காப்பாற்றச் செல்பவரும் அதே திறப்பில் அகப்பட்டுக்கொள்ளலாம்.

இந்த அபாயம் முன்னறிவிப்புத் தராது என்பதே வேதனை. திறப்பிலிருந்து சற்று விலகியிருப்பவருக்கு நீரோட்டம் இருப்பதே தெரியாது. நெருங்க நெருங்க அதன் வேகம் பன்மடங்காகும். ஈர்ப்பை உணரும்போது தப்பும் நேரம் கடந்துவிடும். நீரின் மேற்பரப்பிலோ ஒரு சுழிகூடத் தோன்றாமல் இருக்கலாம். எங்கள் கேள்விக்கு விடை இதுதான். நாங்கள் பார்த்து மயங்கிய அந்த அமைதி, பாதுகாப்பின் அடையாளம் அன்று.

அணையின் கதவுகளைப் பழுது பார்க்கும் சுழியோடிகள் இதை நன்கு அறிவார்கள். அவர்கள் இறங்குமுன் மதகுகளும் மின்சார உற்பத்திக்கு நீர் செல்லும் வழிகளும் மூடப்படும். எவரும் தவறுதலாகத் திறந்துவிடாதபடி பூட்டுப் போட்டு, எச்சரிக்கை அட்டை தொங்கவிடுவார்கள். பொழுதுபோக்குக்காக மூழ்குபவருக்கோ இந்தக் காவல் இல்லை. எனவேதான் ஹூவர் அணையை எவரும் நெருங்காதபடி நீரில் தடுப்பு இட்டிருக்கிறார்கள். அதற்கு வெகு தொலைவிலேயே, பயிற்சி பெற்றவர்கள் துணையோடு மூழ்குகிறார்கள்.

இந்த அறிவு நம் முன்னோருக்குப் புதிதன்று. நம் ஏரிகளில் குமிழித்தூம்பு என்ற மடை அமைப்பு இருந்தது. ஏரி நிரம்பியிருக்கும்போது ஒருவர் நீந்திச் சென்று, மூச்சடக்கி மூழ்கி, தூம்பை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கித் திறந்துவிட வேண்டும். ஊரார் வயலுக்கு நீர் பாய, அவர் தம் உயிரைப் பணயம் வைத்தார். அவர் துணிந்தது பிறருக்காக. நாம் எச்சரிக்கைப் பலகையைத் தாண்டிக் குதிப்பது யாருக்காக?

தோழியரே, நம்மில் எவரேனும் நாளை சுழியோடியாகலாம். நீருக்கடியில் ஆராய்ச்சி செய்யும் விஞ்ஞானியாகலாம். அந்த ஆசையை நாங்கள் தடுக்கவில்லை. முறையாகப் பயிலுங்கள், தனியே செல்லாதீர்கள், மதகின் அருகே செல்லவே செல்லாதீர்கள். விடுமுறையில் அணைக்கும் ஏரிக்கும் செல்லும் நம் தம்பி தங்கையருக்கும் இதைச் சொல்லுங்கள். உயிர் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த கொடை. அதைக் காத்துக்கொள்வது கோழைத்தனம் ஆகாது. அடுத்த முறை அந்தப் பலகையைக் காணும்போது நாங்கள் சிஸ்டரிடம் கேள்வி கேட்கமாட்டோம். அருகில் நிற்பவருக்கு விளக்கம் சொல்வோம்.