பொருளுக்கு உரிமையா? முறைக்கு உரிமையா?

புதிதாக ஒன்றைக் கண்டறிந்தவரின் அனுமதியின்றிப் பிறர் அதனை உபயோகியாதவாறு தடுப்பதற்குச் சர்க்கார் அளிக்கும் உரிமை பேட்டண்டு எனப்படும். இந்தியாவில் இதன் காலம் விண்ணப்பித்த தேதியினின்று 20 ஆண்டுகள். விண்ணப்பிப்போர் முதற்கண் தீர்மானிக்க வேண்டுவது யாதெனில், உரிமை கோருவது பொருளுக்கா, அதனைச் செய்யும் முறைக்கா என்பதே. இதில் தவறுவோர் உழைப்பின் பலனை இழக்க நேரும்.

பொருளுரிமை வேலியிட்ட நிலம் போன்றது. எவ்வழியே நுழையினும் அத்துமீறலே. முறையுரிமையோ வாய்க்கால் போன்றது. அவ்வாய்க்காலையும் அதன்வழி நேரே வந்த நீரையும் அது காக்கும். வேறு கிணறு வெட்டி நீர் இறைப்பவரைத் தடுக்காது.

முத்து

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடைபெற்றது 1961-இல். முத்து பண்டைக்காலந்தொட்டு அறியப்பட்ட பொருளாதலால் அதற்கு எவரும் பொருளுரிமை கோருதல் இயலாது. ஜப்பானியரான மிக்கிமோட்டோ 1896-இல் பெற்ற பேட்டண்டும் சிப்பியில் அரைவட்ட முத்து விளைவிக்கும் முறைக்கே. பின்னர் உருண்டை முத்துக்கு மிசே, நிஷிகாவா என்போர் வேறு முறை கண்டனர். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் வளர்ப்பு முத்து விளைவித்துக் காட்டினர்.

கடற்பாசி உரம்

மன்னார் வளைகுடாக் கரையில் கப்பாபைகஸ் என்னும் கடற்பாசி பயிராகிறது. உணவுப் பண்டங்களைக் கெட்டியாக்கும் காரஜீனன் இதிலிருந்து கிடைப்பது. பாசியை உலர்த்தியெடுத்தால் அதன் சாறு வீணாகும். பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு, கடல் இரசாயன ஆராய்ச்சி நிலையத்தார், ஈரப்பாசியை அரைத்துப் பிழிந்து, சாற்றைத் திரவ உரமாகவும் சக்கையைக் காரஜீனனுக்கும் பயன்படுத்தும் முறைக்கு 2005-இல் அமெரிக்கப் பேட்டண்டு பெற்றனர். பாசி உரமும் காரஜீனனும் முன்னரே உலகறிந்தவை. ஒரே பாசியினின்று இரண்டையும் பெறும் வழியே புதிது.

சட்டத்தின் நிலை

1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி உணவு, மருந்து, இரசாயனப் பொருள்களுக்கு முறையுரிமை மட்டுமே இருந்தது; 2005 முதல் பொருளுரிமையும் கிடைக்கிறது. ஆயினும் விவசாய முறைகளுக்கும், விதை உள்ளிட்ட தாவரங்களுக்கும், பிராணிகளுக்கும் பேட்டண்டு இல்லை. பிராணியின் பொருளாதார மதிப்பைக் கூட்டும் சிகிச்சை முறைக்கும் இல்லையாதலால், சிப்பியில் கருமணி வைக்கும் அறுவை முறைக்கு இவ்விதி தடையாகக்கூடும். அத்தொழிலில் புதிய கருமணியோ கருவியோ கண்டவர் அப்பொருளுக்கே உரிமை கோருதல் தக்கது.

கவனிக்க வேண்டியவை

1. பொருளே புதிதாயின் பொருளுரிமை கோருக. செய்முறையும் புதிதாயின் அதனையும் உடன் சேர்க்க.

2. பொருள் பழையது, வழி புதிது எனில் முறையுரிமை ஒன்றே கிட்டும். பிறர் ஆலைக்குள் அம்முறையைக் கையாளுவதைக் கண்டறிதல் அரிது என்பதை நினைவிற் கொள்க.

3. விண்ணப்பிக்குமுன் பொருட்காட்சியில் வைப்பதும், விற்பதும், பத்திரிகையில் வெளியிடுவதும் கூடா. அவற்றால் புதுமை கெடும்.

பழைய பொருளொன்றுக்கு உரிமை பெற்றுள்ளதாகக் கூறிப் பணம் கேட்போர் கிராமத்திற்கு வரின், பேட்டண்டிலுள்ள உரிமைக் கோரிக்கைகளைக் காட்டும்படி கிராம அதிகாரிகள் கேட்பார்களாக. உரிமையின் எல்லை அவ்வாசகங்களில் உள்ளதே. அவர் வாய்ச்சொல்லில் உள்ளதன்று.