கண்டிச் சீமையும் தாயக உணர்வும்

கடல் கடந்து குடியேறிய மக்களுக்குத் தாயகம் எது? தாம் பிறந்த மண்ணா, தம் பாட்டன் பிறந்த மண்ணா? சீனரிடையே வழங்கும் முதுமொழிகள் இரண்டு இவ்வினாவுக்கு வெவ்வேறு விடை பகர்கின்றன. உதிரும் இலை வேரையே சென்றடையும் என்பது ஒன்று. விழுந்த நிலத்திலேயே வேர்விடுக என்பது மற்றொன்று. கண்டியைச் சூழ்ந்த மலைநாட்டுத் தமிழரின் வரலாறு இவ்விரு விடைகளையும் உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல்லாக விளங்குகின்றது.

1815ஆம் ஆண்டிலே கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் மலைச்சாரல்களிலே கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து புறப்பட்ட தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தனர். வழியிலேயே மாண்டோர் பலர். கோப்பி நோயால் அழிந்தபோது, 1867இல் ஜேம்ஸ் டெயிலர் கண்டிக்கு அருகே லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைப் பயிர் அதன் இடத்தைப் பெற்றது. தமிழகத்திலோ இம்மலைநாடு 'கண்டிச் சீமை' என்றே வழங்கிற்று.

சில ஆண்டுகள் உழைத்துத் திரும்பலாம் என்று வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கினர். ஆயினும் லயங்களிலே 'ஊர்' என்ற சொல் நெடுங்காலம் தமிழகத்துக் கிராமத்தையே குறித்தது. காமன் கூத்தும் மாரியம்மன் விழாவும் அவ்வூரின் நினைவைக் காத்தன. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசி மகத் தேர் இன்றும் அந்நினைவுக்குச் சான்று.

நேயர்களே, நினைவு வேறு, உரிமை வேறு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பற்றியது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974இலேயே தீர்மானிக்கப்பட்டது. இவ்வாறு பங்கிடப்பட்ட மக்களிடம் முன்கூட்டி எவரும் கருத்துக் கேட்கவில்லை.

கப்பலேறியோரைத் 'தாயகம் திரும்பியோர்' என்று அரசாங்க ஏடுகள் குறித்தன. அவர்களுட் பலரோ இலங்கையிலே பிறந்தவர். திரும்புவதாகச் சொல்லப்பட்ட நாட்டை அதற்கு முன் கண்டறியாதவர். நீலகிரியில் இவர்களுக்கெனத் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. அங்கே இவர்கள் 'சிலோன்காரர்' எனப்பட்டனர். இலங்கையின் குடிசன மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்' என்று எண்ணப்பட்டவர்களே இந்தியாவில் இலங்கையராயினர்! பிரிந்துவந்த கண்டி மலைகளே இப்போது அவர்கள் ஏங்கும் ஊராயின.

இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை அளித்தது. துணி வணிகராகவும் பல் கட்டுவோராகவும் இத்தீவில் வாழ்ந்துவந்த சீனக் குடும்பங்களுள் நாடற்றிருந்தோருக்கு 2008ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை நல்கிற்று. இன்று கண்டிப் பகுதியின் இளந்தலைமுறையினர் தம்மை 'மலையகத் தமிழர்' என்று அழைக்கவே பெரிதும் விரும்புகின்றனர். தாம் வாழும் மலையையும் தாம் பேசும் மொழியையும் ஒருங்கே சுட்டும் பெயர் அது.

முன்னோரின் மொழியையும் தெய்வத்தையும் போற்றுவது, வாழும் நாட்டிடம் பற்றின்மைக்கு அடையாளமன்று. மனத்திலே ஒருவருக்கு இரண்டு ஊர்கள் இருக்கலாம். அவற்றுள் எதைத் தாயகமெனக் கொள்வது என்பதை அவரே சொல்லவேண்டும். அவருக்காகப் பிறர் கையெழுத்திடுதல் தகாது.