இரட்டைக் கண்ணாடி ஜன்னல் பிறக்கும் விதம்

நம் முன்னோர் ஜன்னலைப் பலகணி என்றும், சாளரம் என்றும் அழைத்தனர். பழந்தமிழில் அதற்குக் 'காலதர்' என்றும் ஒரு பெயர் உண்டு. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழியே காலதர். 'விண்டோ' என்ற ஆங்கிலச் சொல்லும் 'காற்றின் கண்' என்று பொருள்படும் பழைய வட ஐரோப்பியச் சொல் ஒன்றிலிருந்து வந்ததே. கடல் கடந்த இரு மக்கள் ஒரே பொருளுக்கு ஒரே எண்ணத்தோடு பெயர் வைத்தது வியப்பாக இருக்கிறது அல்லவா?

காற்றை உள்ளே விடுவதற்காகத் தோன்றிய இந்த ஜன்னல், குளிர் நாடுகளில் இன்று காற்றைச் சிறைப்பிடித்து வைக்கும் கருவியாகவும் விளங்குகிறது. உலோகச் சட்டத்திற்குள் இரண்டு கண்ணாடிகள்; அவற்றின் இடையே வெளியேற முடியாத கொஞ்சம் காற்று. இதுவே இரட்டைக் கண்ணாடி ஜன்னல். இதை எதற்காகச் செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்பதைக் காண்போமா?

ஏன் இரண்டு கண்ணாடி?

வெப்பம் கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்ற மூன்று வழிகளில் பரவும் என்று விஞ்ஞான பாடத்தில் நாம் படித்திருக்கிறோம். கண்ணாடி உலோகத்தைப் போல வெப்பத்தை விரைந்து கடத்தாது. ஆனால் ஜன்னல் கண்ணாடியின் கனம் 4 மில்லிமீட்டர் அளவே. ஆகவே அறையின் உஷ்ணம் அதன் வழியே எளிதில் வெளியேறிவிடுகிறது. அசையாத காற்றோ கண்ணாடியைப் போல நாற்பதில் ஒரு பங்கு அளவே வெப்பத்தைக் கடத்தும். குளிரில் நடுங்கும் குருவி தன் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்போம். இறகுகளுக்கு இடையே காற்றைத் தேக்கி அது தன் உடற்சூட்டைக் காத்துக்கொள்கிறது. இரட்டைக் கண்ணாடியின் தத்துவமும் இதுதான்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு ஜன்னலை எடுத்துக்கொள்வோம். அறைக்கும் வெளிக்கும் 20 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருக்கட்டும். ஒற்றைக் கண்ணாடி என்றால் சுமார் 230 வாட் வெப்பம் இடைவிடாது வெளியே போய்க்கொண்டிருக்கும். இது நான்கு 60 வாட் குண்டு பல்புகளை இரவும் பகலும் வீணே எரியவிடுவதற்குச் சமம். சாதாரண இரட்டைக் கண்ணாடியில் இது ஏறக்குறையப் பாதியாகக் குறையும். கண்ணாடியின் உட்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வெள்ளிப் பூச்சு பூசி, இடையே ஆர்கான் வாயுவை நிரப்பினால் 45 வாட் அளவிற்கு இறங்கிவிடும்.

அப்படியானால் இடைவெளியை ஒரு சாண் அகலம் வைத்தால் இன்னும் நல்லதல்லவா என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் சலனம் குறுக்கிடுகிறது. இடைவெளி அதிகமானால் உள்ளே இருக்கும் காற்று மேலும் கீழுமாகச் சுழலத் தொடங்கி, வெப்பத்தைச் சுமந்து செல்லும். அதனால்தான் பெரும்பாலும் 12 முதல் 16 மில்லிமீட்டர் இடைவெளியே வைக்கிறார்கள்.

பழைய எண்ணம், புதிய தேவை

இந்த எண்ணம் புதிதன்று. 1865ஆம் ஆண்டிலேயே நியூயார்க்கைச் சேர்ந்த தாமஸ் ஸ்டெட்சன் என்பவர் இரண்டு கண்ணாடிகளை ஓரத்தில் ஒட்டி இடையே காற்றை அடைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அமெரிக்காவின் லிபி–ஓவன்ஸ்–ஃபோர்டு கண்ணாடிக் கம்பெனி 'தெர்மோபேன்' என்ற பெயரில் இவ்வகைக் கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1973இல் உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியபோது, வீட்டைச் சூடாக்க எண்ணெயை எரித்துவந்த நாடுகள் விழித்துக்கொண்டன. அதன் பிறகே இரட்டைக் கண்ணாடி பல நாடுகளில் வேகமாகப் பரவியது.

உலோகச் சட்டத்தின் கதை வேறு. இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்திலுள்ள பிரெயின்ட்ரீ என்னும் ஊரில் இரும்புச் சாமான் கடை நடத்திவந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் பிரான்சிஸ் ஹென்றி கிரிட்டால். அவர் 1884இல் உலோக ஜன்னல் செய்யத் தொடங்கினார். மரச்சட்டத்தைவிட மெல்லியதாக இருந்தும் உறுதி மிகுந்த இந்த ஜன்னல்கள் பெரும் புகழ் பெற்றன. பிற்காலத்தில் எஃகின் இடத்தைப் பெரும்பாலும் அலுமினியம் பிடித்துக்கொண்டது. அது எடை குறைந்தது. எஃகைப் போலத் துருப்பிடித்து உதிராது. வேண்டிய வடிவத்தில் வார்த்தெடுக்க வசதியானது.

உலோகம் செய்த குறும்பு

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்கிற்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். நடுவிலே எவ்வளவு நல்ல கண்ணாடி போட்டாலும், ஓரத்திலே உள்ள உலோகம் வெளியிலுள்ள குளிரை நேரே அறைக்குள் கொண்டுவந்து சேர்த்தது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் மேல் நீர் முத்துக்கள் அரும்புவது போல, குளிர்ந்த சட்டத்தின் உட்புறத்தில் அறைக் காற்றின் ஈரம் நீராகப் படிந்தது.

நம் பள்ளிகளில் படித்த அக்காமார் பலர் குளிர் நாடுகளில் செவிலியராகப் பணிபுரிகின்றனர். பழைய உலோக ஜன்னல் உள்ள வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு, குளிர்காலத்தில் காலை எழுந்ததும் ஜன்னலைத் துணியால் துடைப்பது ஒரு வேலை. துடைக்காவிட்டால் நீர் வழிந்து சுவரை நனைக்கும். நனைந்த சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் படரும். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் வாழ்வோருக்கு ஆஸ்துமா முதலிய சுவாச நோய்கள் மிகுதியாக வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. ஆகவே இது வெறும் அழகுப் பிரச்சினை அன்று. குழந்தைகளின் மூச்சைப் பற்றிய பிரச்சினை.

இதற்குக் கண்ட தீர்வு நம் சமையலறையிலேயே இருக்கிறது. கொதிக்கும் குக்கரை நாம் எதைப் பிடித்துத் தூக்குகிறோம்? உலோகத்தையா? இல்லையே! வெப்பம் கடத்தாத கைப்பிடியைத்தான். அதே போல ஜன்னல் சட்டத்தையும் உள்சட்டம், வெளிச்சட்டம் என இரண்டாகச் செய்து, நடுவிலே நைலான் இனத்தைச் சேர்ந்த பாலிஅமைடு பட்டைகளைப் பொருத்தினார்கள். உறுதிக்காக அவற்றில் கண்ணாடி இழை கலந்திருக்கும். இப்போது உள் உலோகமும் வெளி உலோகமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இதைத் தொழிலில் 'தெர்மல் பிரேக்' என்கிறார்கள்.

சட்டம் உருவாதல்

அலுமினியத்தோடு சிறிது மக்னீசியமும் சிலிக்கானும் கலந்து உருளைக் கட்டிகளாக வார்க்கிறார்கள். அந்தக் கட்டியை 450 முதல் 500 டிகிரி வரை சூடாக்கினால் அது உருகாமல் இளகி நிற்கும். பிறகு பெரிய அழுத்த இயந்திரத்தில் இட்டு, எஃகு அச்சின் துளை வழியே பிதுக்குகிறார்கள். தீபாவளிக்கு அம்மா முறுக்கு பிழிவதைப் பார்த்திருக்கிறோமே, அதே வேலைதான்! அச்சின் வடிவம் எப்படியோ, அப்படியே நீண்ட சட்டம் வெளிவரும். குளிர்ந்ததும் இரு முனைகளையும் பற்றி இழுத்து நேராக்குவார்கள். பின்பு 180 டிகிரி அளவுள்ள சூளையில் சில மணி நேரம் வைப்பார்கள். இந்தச் சூட்டில்தான் உலோகம் தன் முழு உறுதியை அடைகிறது. உள்சட்டத்தையும் வெளிச்சட்டத்தையும் பாலிஅமைடு பட்டையால் இணைத்து, உருளைகளுக்கு இடையே அழுத்தி இறுக்குவார்கள். வண்ணத்தூள் தூவி 200 டிகிரி அளவில் சுட்டால் நிறம் நிலைத்துவிடும்.

அடுத்து, சட்டத்தை ரம்பத்தால் 45 டிகிரி சாய்வில் அறுப்பார்கள். அப்போதுதான் இரண்டு துண்டுகள் சேரும்போது சரியான செங்கோணம் அமையும். அறுத்த துண்டுகளின் குழிக்குள் உலோக மூலைக்கட்டையைச் செருகி, பசையிட்டு, இயந்திரத்தால் அழுத்திப் பிணைக்கிறார்கள். கீழ்ச்சட்டத்தில் நீர் வடிவதற்குச் சிறு துளைகளும் போடுவார்கள். இந்தத் துளைகளைச் சற்று நினைவில் வைத்துக்கொள்வோம்.

கண்ணாடி இணைதல்

இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸ் நகரில் அலஸ்டர் பில்கிங்டன் கண்டுபிடித்து, 1959இல் உலகிற்கு அறிவிக்கப்பட்ட முறையிலேயே இன்றைய ஜன்னல் கண்ணாடி பெரும்பாலும் தயாராகிறது. உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டால், அது இருபுறமும் மாசு மறுவின்றிச் சமதளமாக இறுகும். நம் ஸ்ரீபெரும்புதூரிலும் 2000ஆம் ஆண்டு முதல் இம்முறையில் கண்ணாடி செய்யும் தொழிற்சாலை உண்டு.

வேண்டிய அளவில் வெட்டிய கண்ணாடியை உப்பு நீக்கிய நீரால் கழுவிக் காயவைப்பார்கள். உள்ளே ஒரு விரல் ரேகை பதிந்துவிட்டாலும் பிறகு அதைத் துடைக்க வழியே கிடையாது! இரு கண்ணாடிகளின் இடையே ஓரமாக வைப்பதற்கு 'ஸ்பேசர்' எனப்படும் மெல்லிய குழாய்ச்சட்டம் உண்டு. அதன் உட்பக்கம் ஊசித் துளைகள் இருக்கும். குழாய்க்குள் ஈரத்தை உறிஞ்சும் சிறு மணிகளை நிரப்புவார்கள். புதுக் கைப்பை வாங்கினால் உள்ளே 'சிலிகா ஜெல்' பொட்டலம் இருக்குமல்லவா? அதன் நெருங்கிய உறவினரே இந்த மணிகள். இவற்றை நெடுநேரம் திறந்து வைத்தால் தொழிற்சாலைக் காற்றின் ஈரத்தையே குடித்துவிட்டு, ஜன்னலுக்குள் போனபின் சும்மா இருந்துவிடும். ஆகவே விரைந்து மூடவேண்டும்.

ஸ்பேசரின் இரு பக்கமும் பிசின் போன்ற பியூட்டைல் பசையைத் தடவி, இரு கண்ணாடிகளையும் சேர்த்து அழுத்துவார்கள். இந்தப் பசையின் வேலை ஈரத்தைத் தடுப்பது. வெளி ஓரத்தில் பாலிசல்ஃபைடு அல்லது சிலிக்கோன் என்னும் இரண்டாவது பசையை நிரப்புவார்கள். கண்ணாடிகளை விலகாமல் பிடித்து வைப்பது இதன் வேலை. ஒன்று காவல்காரன், மற்றொன்று பலசாலி என்று சொல்லலாம். ஆர்கான் வாயு வேண்டுமென்றால் அதையும் உள்ளே நிரப்பி மூடுவார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே நூற்றில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவாக இருப்பதுதான் இந்த ஆர்கான்.

கடைசிப் படி

சதுர மீட்டருக்கு 4 மில்லிமீட்டர் கண்ணாடி 10 கிலோ எடை இருக்கும். நாம் கணக்கிட்ட ஜன்னலில் கண்ணாடி மட்டுமே 40 கிலோ! அதைச் சட்டத்தில் நேரே உட்கார வைக்கக் கூடாது. சிறு பிளாஸ்டிக் கட்டைகளின் மேல் நிறுத்தி, சுற்றிலும் இடம் விட்டு, ரப்பர் காஸ்கெட்டும் பீடிங்கும் போட்டு இறுக்குவார்கள்.

இந்தக் கட்டைகளும் முன்பு சொன்ன வடிகால் துளைகளும் எதற்காக? எவ்வளவு இறுக்கினாலும் மழைநீர் சிறிது சட்டத்திற்குள் புகத்தான் செய்யும். அது துளை வழியே உடனே வெளியேற வேண்டும். துளையைப் போட மறந்தாலோ, பூசும்போது சிமெண்டால் அடைத்துவிட்டாலோ, நீர் தேங்கிக் கண்ணாடியின் ஓரப் பசையை நாள்தோறும் ஊறவைக்கும். பசை விட்டுக்கொடுத்ததும் ஈரம் உள்ளே நுழையும். மணிகள் குடிக்குமட்டும் குடித்துவிட்டுக் கைவிட்டுவிடும். பிறகு இரு கண்ணாடிகளுக்கும் நடுவே பனி மூட்டம் படியும். உள்ளிருந்து துடைத்தாலும் போகாது. வெளியிலிருந்து துடைத்தாலும் போகாது. கண்ணாடியையே மாற்ற வேண்டியதுதான். ஒழுங்காகச் செய்து பொருத்தினால் 20 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும் பொருள், ஒரு சிறு துளைக்காகச் சில ஆண்டுகளிலேயே கெட்டுவிடுகிறது.

நமக்கும் வேண்டுமா?

நம் வீடுகளில் ஜன்னலைத் திறந்து வைத்துக் காற்று வாங்குகிறோம். திறந்த ஜன்னலுக்குக் கண்ணாடி ஒன்றானால் என்ன, இரண்டானால் என்ன? மேலும் நம்மை வாட்டுவது வெயிலின் கதிர்வீச்சு. சாதாரண இரட்டைக் கண்ணாடி அதைப் பெரிதும் உள்ளே விட்டுவிடும். அதற்கு ஜன்னலுக்கு மேல் ஒரு சன்ஷேடும், வாசலில் ஒரு வேப்பமரமும் சிறந்த மருந்து. ஆனால் நாள் முழுதும் மூடிக்கிடக்கும் குளிர்சாதனக் கட்டிடங்களில், வெயிலைத் திருப்பும் பூச்சுப் பூசிய இரட்டைக் கண்ணாடி மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. ஏசி ரயில் பெட்டியில் பயணம் செய்யும்போது ஜன்னலை உற்றுப் பாருங்கள். அங்கும் கண்ணாடி இரண்டு. குளிர்ச்சியைக் காப்பதோடு சத்தத்தையும் அது குறைக்கிறது. எந்த ஊருக்கு எது பொருந்தும் என்று ஆராய்ந்து ஏற்பதே அறிவுடைமை.

ஜன்னலைப் பார்ப்பவர்கள் பளபளக்கும் கண்ணாடியையும் வண்ணச் சட்டத்தையும் பாராட்டுவார்கள். ஓரத்தில் மறைந்திருக்கும் பசையையும், குழாய்க்குள் உள்ள மணிகளையும், அடியிலுள்ள துளையையும் யாரும் பார்ப்பதில்லை. ஆயினும் ஒரு வீட்டின் கதகதப்பும், அங்கு வளரும் குழந்தையின் ஆரோக்கியமும் அவற்றையே நம்பியிருக்கின்றன. நாளை நம்மில் சிலர் பொறியாளராகலாம். சிலர் வீடு கட்டலாம். எந்தத் தொழிலை ஏற்றாலும், பிறர் கண்ணில் படாத பகுதியையும் படும் பகுதியைப் போலவே கவனத்தோடு செய்து முடிப்போமாக!