உயிர் பிழைத்த பிறகு தொடங்கும் போராட்டம்

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலையில் வந்தால், கேமரன் மலையில் முதலில் எதிர்ப்படும் ஊர் ரிங்லெட். இங்குள்ள தேயிலைத் தோட்ட வீடு ஒன்றில் தாத்தாவோ பாட்டியோ திடீரெனத் தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், முதலில் தானா ராத்தா மருத்துவமனைக்குத்தான் ஓடுவோம். மூளையில் இரத்தக் கசிவு, அறுவை சிகிச்சை வேண்டும் என்றால் மலையிறங்கி ஈப்போவுக்குப் போக வேண்டியிருக்கும்.

அந்த ஓட்டத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பிழைத்து வீடு திரும்பியவரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. "பொழச்சிட்டாரு, அதுவே போதும்" என்று உறவினர்கள் விடைபெற்றுப் போவார்கள். உண்மையில் அது போதாது.

பிழைத்தவர் எப்படி வாழ்கிறார் என்பதை அளக்க மருத்துவ ஆய்வாளர்களிடம் ஐந்தே கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. நடக்க முடிகிறதா? குளிப்பது, உடுத்துவது சொந்தமாக நடக்கிறதா? வழக்கமான வேலைகளைச் செய்ய முடிகிறதா? வலி உண்டா? கவலையோ மனச்சோர்வோ உண்டா? 2023இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வும் இதைப் பயன்படுத்தியது. இந்தியா, இலங்கை உட்பட 10 நாடுகளில் 7,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் அதில் சேர்க்கப்பட்டனர். இரத்த அழுத்தத்தை ஒரு மணி நேரத்திற்குள் குறைக்க முயல்வது, சர்க்கரையையும் காய்ச்சலையும் கட்டுப்படுத்துவது, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தின் விளைவை மாற்றுவது ஆகியவற்றைச் சேர்த்துச் செய்தபோது நோயாளிகளின் உடல் இயக்கமும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டிருந்தன. முதல் மணி நேரம் உயிரை மட்டுமல்ல, பின்னால் வரும் ஆண்டுகளையும் தீர்மானிக்கிறது. அதனால் 999ஐ அழைக்கத் தயங்காதீர்கள்.

ஆனால், படிவத்தில் அடங்காத சங்கடங்களும் உண்டு. 'கேம் ஆஃப் திரோன்ஸ்' தொடரில் நடித்த எமிலியா கிளார்க்குக்கு 2011இல், 24 வயதில், மூளையைச் சுற்றி இரத்தக் கசிவு ஏற்பட்டது. அறுவை சிகிச்சைக்குப் பின் ஒரு கட்டத்தில் தன் முழுப் பெயரையே அவரால் சொல்ல முடியவில்லை. இதை 2019இல்தான் வெளியில் எழுதினார். வெளிப்பார்வைக்குத் தேறிவிட்டவர் உள்ளே என்ன படுகிறார் என்பது பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாமல் போகலாம். தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு, நேற்று நடந்தது மறந்துபோவது, தொலைக்காட்சிச் சத்தத்துக்கே எரிச்சல். இதையெல்லாம் சோம்பல் என்றும் பிடிவாதம் என்றும் வீட்டில் திட்டுகிறோம்.

தோட்டத்தில் இது இன்னும் கடினம். சரிவில் நின்று கொழுந்து பறித்த கைக்குப் பலம் குறைந்தால் வருமானம் போகிறது. தோட்ட வீட்டில் இருந்தால், அந்த வீடும் என்னாகுமோ என்ற பயம் வந்துவிடும். உடற்பயிற்சி சிகிச்சைக்கு வாரந்தோறும் மலையிறங்க வண்டிக்கு யார் பணம் தருவது? பல வீடுகளில் பயிற்சி பாதியில் நின்றுபோவது இங்கேதான். சந்தா கட்டிய தொழிலாளியாக இருந்தால் சொக்சோவிடம் விசாரிப்பது அவசியம். வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் அங்கே 2007 முதல் இருக்கிறது. பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் இயோ 1996இல் தொடங்கிய நாசாம் என்ற மலேசிய தேசிய பக்கவாத சங்கத்துக்கு ஈப்போவிலும் மையம் உண்டு.

நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய 10 பேரில் 3 பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. மூளைக்குள் இரத்தம் கசிவதற்கு முக்கியக் காரணம் அதுதான். ஒருமுறை கசிந்தவருக்கு மறுபடியும் வரலாம் என்பதால் மாத்திரையை நிறுத்தவே கூடாது.

இந்த இடத்தில்தான் மாணவர்களாகிய நீங்கள் வருகிறீர்கள். அழுத்தம் அளக்கும் கருவியைக் கட்டி, எண்ணை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அதை எடுத்துச் செல்லுங்கள். தாத்தா ஒரு சொல்லுக்காகத் தடுமாறினால் நீங்கள் முந்திக்கொண்டு முடிக்காதீர்கள். கொஞ்சம் காத்திருங்கள், அவரே சொல்லட்டும்.