எட்டு மாத நாய்க்கு எந்தப் பள்ளிக்கூடம்?

ரமண மகரிஷி திருவண்ணாமலை ஸ்கந்தாசிரமத்தில் இருந்த காலத்தில், அதாவது 1916க்கும் 1922க்கும் இடையில், கமலா என்றொரு நாய் அங்கே வந்து சேர்ந்தது. வந்தபோது குட்டி. பெட்டையாயிற்றே, ஆண்டுதோறும் குட்டி போட்டு இடத்தை நிறைத்துவிடுமே என்று ஆசிரமத்தில் இருந்தவர்கள் விரட்டிப் பார்த்தார்கள். அது போகவில்லை. அவர்கள் பயந்தபடியே குட்டிகளும் போட்டது. ஆனால் அதற்கு இன்னொரு பெயரும் கிடைத்தது: மலை சுற்றுவதற்கு வழிகாட்டி. புதிதாக வந்தவரைக் கூட்டிப் போகும்படி ரமணர் சொன்னால், வழியில் உள்ள சிலை, குளம், சந்நிதி எதையும் விடாமல் காட்டிக் கூட்டிப் போகும் என்று ஆர்தர் ஆஸ்பார்ன் எழுதிய மகரிஷியின் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. கழுத்தில் சங்கிலி இருந்ததாகவோ யாரும் பழக்கியதாகவோ அதில் ஒரு சொல் இல்லை.

இன்று திருவண்ணாமலையில் விடியற்காலை கிரிவலப் பாதையில் நடந்தால் வேறு மாதிரி ஜோடிகளைப் பார்க்கலாம். முன்னால் நாய், அதன் பின்னால் கயிறு, கயிற்றைப் பிடித்தபடி இழுபட்டு வரும் உரிமையாளர். குரங்கைக் கண்டால் ஒரு பாய்ச்சல், மாட்டைக் கண்டால் ஒரு குரைப்பு, எதிரே காவி வேட்டி வந்தால் இரண்டும். லாப்ரடாராக இருக்கலாம், ராஜபாளையமாக இருக்கலாம், செங்கம் சாலையில் இருக்கும் அருணாச்சலா விலங்குகள் காப்பகத்திலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டு நாயாகவும் இருக்கலாம். வீட்டு வராந்தாவில் 'சிட்' என்றால் அழகாக உட்காரும். தெருவில் இறங்கிவிட்டால் நம்மை யாரென்றே அதற்குத் தெரியாது. நல்ல டிரெய்னர் யாராவது இருக்கிறாரா என்று அப்போதுதான் விசாரிக்கத் தொடங்குகிறோம்.

பெரும்பாலும் அப்போது நாய்க்கு ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். இதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசி ஆஷர் குழுவினர், பார்வையற்றோருக்கு வழிகாட்டும் பணிக்காக வளர்க்கப்பட்ட லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் வகை நாய்களை ஐந்தாம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் சோதித்தார்கள். 2020இல் வெளிவந்த முடிவு இது: உட்காரச் சொன்னால் ஐந்தாம் மாதத்தில் கேட்ட அதே நாய், எட்டாம் மாதத்தில் தன்னை வளர்ப்பவர் சொல்லைக் குறைவாகவே கேட்டது. அதே சொல்லை முன்பின் தெரியாத ஒருவர் சொன்னபோது அந்தச் சரிவு இல்லை. விடலைப் பருவம் நாய்க்கும் உண்டு. அந்த முரண்டு வீட்டு மனிதர்களிடம்தான்.

டிரெய்னரைத் தேடுகிறவர்கள் இந்த ஒரு செய்தியை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் வருகிற டிரெய்னர் கயிற்றை வாங்கி, அதட்டலாக ஒரு குரல் கொடுத்து, நாயைப் பத்தடி ஒழுங்காக நடக்க வைத்துக் காட்டுவார். "பார்த்தீங்களா சார், நீங்க செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கீங்க." நாமும் வாயடைத்துப்போய் முன்பணம் கொடுத்துவிடுவோம். அந்தப் பத்தடியில் அவருடைய திறமை கொஞ்சம் இருக்கலாம். மீதி, அவர் அந்த நாய்க்கு அந்நியர் என்பதுதான். அவர் கையில் நாய் எப்படி நடக்கிறது என்பது கேள்வியே இல்லை. ஒரு மாதம் கழித்து உங்கள் கையில் எப்படி நடக்கும், உங்கள் அம்மா கையில் எப்படி நடக்கும், அதுதான் கேள்வி.

நம் ஊர்களில் கிடைக்கும் பயிற்சி மூன்று விதம். டிரெய்னர் வீட்டுக்கு வந்து தினமும் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுப்பது ஒன்று. நாயை ஒரு மாதம் அவரிடமே விட்டுவிட்டுப் பிறகு கூட்டி வருவது இன்னொன்று. ஐந்தாறு நாய்களும் அவற்றின் உரிமையாளர்களும் ஒரு மைதானத்தில் கூடும் குழு வகுப்பு மூன்றாவது; இது சென்னை, பெங்களூரு போன்ற இடங்களில்தான் எளிதாகக் கிடைக்கிறது. இவற்றில் விட்டுவிட்டு வரும் ஏற்பாட்டின் மீது எனக்கு நம்பிக்கை இல்லை. வசதி அதில்தான் அதிகம், பலன் அதில்தான் குறைவு.

நாய் கற்றுக்கொள்ளும் விதம் அப்படி. 'சிட்' என்ற ஒலிக்கு உட்கார் என்று பொருள் என நாம் நினைத்துக்கொள்கிறோம். நாய் கற்பது அதைவிடக் குறுகலானது: இந்தத் தரையில், இந்த ஆள் எதிரில் நின்று, கையில் பிஸ்கட்டோடு, இந்த ஒலியை எழுப்பினால், பின்பக்கத்தைத் தரையில் வைத்தால் நல்லது நடக்கும். ஆள் மாறினாலோ இடம் மாறினாலோ பாடத்தைத் திரும்ப முதலிலிருந்து கற்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முன்னைவிட விரைவாகப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவே. வேலூரிலோ சென்னையிலோ ஒரு கொட்டகையில் ஒரு மாதம் பழகிய நாய், அந்தக் கொட்டகையில் அந்த ஆளிடம் உட்காரக் கற்றுக்கொண்டு வருகிறது. திருவண்ணாமலைத் தேரடி வீதியில் தேங்காய்க் கடைக்கு முன்னால் உட்காருவது அதற்குத் தனிப் பாடம்.

இதோடு நேரக் கணக்கும் சேர்கிறது. செயலுக்கும் அதன் பலனுக்கும் நடுவே ஓரிரு விநாடிக்கு மேல் போனால் நாயால் இரண்டையும் இணைக்க முடிவதில்லை. உட்கார்ந்த நாய் எழுந்து உங்கள் சட்டைப் பையை முகர்ந்த பிறகு பிஸ்கட் கொடுத்தால், முகர்ந்ததற்குத்தான் அது கூலி. இதற்காகத்தான் சரியாகச் செய்த அதே கணத்தில் 'டிக்' என்று ஒலிக்கும் கிளிக்கர் என்ற சிறு கருவி வந்தது. உளவியலாளர் ஸ்கின்னரிடம் படித்த மரியன், கெல்லர் பிரேலண்ட் தம்பதி 1940களில் கையாண்ட முறை அது. கிளிக்கர் இல்லாவிட்டால் குறையில்லை. எப்போதும் ஒரே மாதிரி சொல்லும் ஒரு சின்னச் சொல் போதும். நம்மிடம் இருக்கும் பெரிய குறை வேறு. 'சிட், சிட், டேய் சிட்டுடா, சொல்றேன்ல' என்று நான்கு முறை சொல்கிறோம். நான்காவது முறை உட்கார்ந்தால் போதும் என்று நாய் கணக்குப் போட்டுக்கொள்கிறது. ஒரு நல்ல வகுப்பில் பாதி நேரம் இந்த மாதிரி நம்முடைய பழக்கங்களைத் திருத்துவதிலேயே கழியும்.

நம் பக்கத்து டிரெய்னர்களில் போலீஸ், ராணுவ நாய்ப்படைகளிலிருந்து ஓய்வுபெற்று வந்தவர்கள் உண்டு. அவர்கள் கற்ற முறைக்கு நீண்ட பரம்பரை இருக்கிறது. ஜெர்மனியில் போலீஸ் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் 1910இல் எழுதிய கையேடு வரை அது போகும். கட்டளை, கீழ்ப்படியாவிட்டால் சங்கிலியில் ஒரு வெட்டு. இதற்குப் பின்னாளில் ஓநாய்க் கதை ஒன்று துணைக்கு வந்தது. கூட்டத்துக்கு ஒரு தலைவன் உண்டு, அவன் அடக்கி ஆள்கிறான், நாய் வளர்ப்பவரும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார்கள். விலங்குக் காப்பகத்தில் ஒன்றாக அடைத்துப்போட்ட, உறவற்ற ஓநாய்களைப் பார்த்து ருடால்ப் ஷெங்கல் 1947இல் எழுதியதிலிருந்து கிளம்பிய கருத்து அது. 1970இல் தம் நூல் வழியே அதைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக், காட்டு ஓநாய்களை நேரில் கவனித்த பிறகு 1999இல் மறுத்து எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம்.

சங்கிலி வெட்டால் பலனே இல்லை என்று சொல்லவில்லை. நாய் நிற்கும். அதற்கு என்ன விலை என்பதைப் போர்ச்சுகல் நாட்டின் போர்ட்டோ நகரில் 92 வீட்டு நாய்களைக் கொண்டு பார்த்து 2020இல் எழுதினார்கள். தண்டனை முறைப் பள்ளிகளில் பயின்ற நாய்களிடம் மன அழுத்தத்தின் அறிகுறிகள் அதிகம். வகுப்புக்குப் பிறகு எச்சிலில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் அதிகம். ஏற்கெனவே துடிப்பில் தத்தளிக்கும் இளம் நாய்க்கு இதைவிடத் தவறான மருந்து கிடையாது.

அந்தப் படைகளிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நல்ல பாடமும் இருக்கிறது, அதைத்தான் யாரும் எடுத்துக்கொள்வதில்லை. மத்தியப் பிரதேசம் டேக்கன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படை 1970இல் தொடங்கிய தேசிய நாய்ப் பயிற்சி மையத்தில், நாயும் அதைக் கையாளப்போகும் வீரரும் சேர்ந்துதான் பயிற்சி பெறுகிறார்கள். நாயை மட்டும் பழக்கி யார் கையிலாவது கொடுத்து அனுப்புவதில்லை.

ஆகவே வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் முறை நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போய், ஓர் ஓரமாக நின்று பாருங்கள். கயிறு யார் கையில் இருக்கிறது? ஒரு நாய் தவறு செய்ததும் டிரெய்னர் என்ன செய்கிறார்: சங்கிலியை இழுக்கிறாரா, தூரத்தைக் கூட்டிப் பாடத்தை எளிதாக்குகிறாரா? நாய்கள் வால் ஆட்டி நிற்கின்றனவா, வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்கிக்கொண்டா? தடுப்பூசி அட்டையைக் கேட்காமலேயே சேர்த்துக்கொள்ளும் இடத்துக்கு மறுபடி போகவே வேண்டாம். முப்பது நாள் கியாரண்டி தருகிறேன் என்பவரிடமும் அப்படியே.

துடிப்பான நாயை ஓட விட்டுக் களைப்படையச் செய்தால் அடங்கிவிடும் என்று பைக்கில் கட்டி ஓட்டுகிறார்கள். தினமும் ஓடுகிற நாய்க்கு ஓடும் திறன்தான் வளரும். அடுத்த மாதம் இன்னும் பத்து நிமிடம் ஓட்ட வேண்டியிருக்கும். ஒரு வயது வரைக்கும் எலும்பின் நுனிகள் முற்றாத குட்டிக்கு அது கெடுதலும்கூட. நாய் நம்மைப் போல உடல் முழுதும் வியர்ப்பதில்லை, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். சித்திரை மாதத் தார்ச்சாலையில் அது போதாது. தரையில் தீனியை ஒளித்து வைத்து மோப்பம் பிடித்துத் தேட விடுவது, பாயில் சும்மா படுத்திருக்கப் பழக்குவது, இவை வகுப்பில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். துடிப்பான நாய்க்குச் சும்மா இருப்பதுதான் மிகக் கடினமான பாடம்.

எல்லா நாய்க்கும் ஒரே பாடம் செல்லாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கன்னி, சிப்பிப்பாறை நாய்களை நம் முன்னோர் முயலைக் கண்ணால் கண்டு துரத்துவதற்கென்று தேர்ந்து வளர்த்தார்கள். துரத்தும்போது மனிதரைத் திரும்பிப் பார்க்காததுதான் அவற்றின் சிறப்பு. லாப்ரடாருக்கு எழுதிய பாடத்தை அவற்றிடம் ஒப்பித்தால் டிரெய்னருக்குத்தான் அலுக்கும். பிஸ்கட்டைவிடத் துரத்தி விளையாடுவதையே பரிசாக வைக்கத் தெரிந்தவர் வேண்டும். ராஜபாளையம் வைத்திருப்பவர்கள் வகுப்புக்கு முன்னால் இன்னொன்று செய்ய வேண்டும். தூய வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும் வேண்டுமென்று தேர்ந்தெடுத்துப் பெருக்கியதால், உட்காதில் நிறமிச் செல்கள் இல்லாமல் பிறவியிலேயே செவிடாகும் குறை அந்த இனத்தில் உண்டு. பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். அடங்காத நாய் என்று அடி வாங்கும் சில நாய்களுக்குக் காதே கேட்பதில்லை.

அவற்றுக்கும் வழி இருக்கிறது, கைச் சைகை. கொல்கத்தாவைச் சேர்ந்த ஆய்வாளர் அனிந்திதா பத்ரா குழுவினர் தெருநாய்களிடம் இரண்டு கிண்ணங்களை வைத்து ஒன்றைக் கைகாட்டினார்கள். பயந்து விலகியவை போக, அருகில் வந்த நாய்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு காட்டிய கிண்ணத்துக்குப் போயின. எந்த வகுப்புக்கும் போகாத நாய்கள் அவை. கமலாவும் தானாக வந்து சேர்ந்த குட்டிதானே. நல்ல டிரெய்னர்கள் முதலில் கையை அசைத்துப் பழக்கி, அது படிந்த பிறகே சொல்லைச் சேர்ப்பார்கள்.

அருகில் வகுப்பே அமையாவிட்டால், வீட்டுக்கு வரும் டிரெய்னரையே வெளியே கூட்டிப் போகலாம். இந்த ஊரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. மாடியில் தொடங்கி, வாசலுக்கு வந்து, பிறகு கிரிவலப் பாதையில் ஆள் குறைவான நாளின் அதிகாலை. குரங்கு தெரிகிற ஆனால் நாய் பதறாத தூரத்தில் நின்று பாடம் நடத்தி, ஒவ்வொரு வாரமும் சில அடி நெருங்கலாம். ஒவ்வொரு வளைவிலும் அந்தந்த எல்லையின் தெருநாய்கள் இருக்கும், அவற்றை விலகிப் போவதே ஒரு பாடம். பௌர்ணமி இரவும் கார்த்திகை தீபமும் வகுப்புக்கு விடுமுறை. அந்தக் கூட்டத்தில் கூப்பிட்ட குரல் பக்கத்திலிருப்பவருக்கே கேட்காது.

கூப்பிட்டால் வருவதைப் பழக்கப் பத்து மீட்டர் நீளக் கயிறும் ஆளில்லாத ஒரு வயலும் போதும். கூப்பிடுங்கள், வந்ததும் நல்லதாக ஏதாவது கொடுங்கள், உடனே மறுபடி விளையாட விட்டுவிடுங்கள். கூப்பிடும்போதெல்லாம் சங்கிலியில் கட்டி வீட்டுக்கு இழுத்துப்போனால் மூன்றாம் நாளே தூரத்தில் நின்று யோசிக்கத் தொடங்கிவிடும். குளிப்பாட்ட வேண்டுமானால் நீங்களே எழுந்து போய்ப் பிடித்துக்கொள்ளுங்கள்.