பத்து மணி நேரச் சீட்டும் மூன்று நாள் வேலையும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, என் மாணவர்கள் சிலருடன் அப்பாதையில் பேருந்தில் சென்றேன். அவர்களுள் ஒருவர் மிக்க மகிழ்ச்சியுடன் இருந்தார். சேர்வராயன் மலையின் பல ஆண்டு மழை விவரங்களை ஆராயும் வேலையை, தொலைவிலுள்ள ஒரு கணிப்பொறித் தொகுதியில் முன்தினம் மாலை 6 மணிக்கு அவர் தொடங்கிவைத்திருந்தார். வேலை முடிய மூன்று நாள் ஆகும்.

திங்கட்கிழமை திரும்பிவந்து பார்த்தால், சனிக்கிழமை அதிகாலை 4 மணிக்கே வேலை நின்றுபோயிருந்தது! கணக்கில் பிழை இல்லை, மின்சாரமும் தடைப்படவில்லை. பிறகு ஏன் நின்றது?

தொகுதி என்றால் என்ன?

பல கணிப்பொறிகள் கூடி ஒரே வேலையைச் செய்யும் அமைப்பே தொகுதி. திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று தொடங்கப்பட்ட ‘பரம் பொருள்’ இத்தகையதே. அதன் வேகம் 838 டெராஃபிளாப். அதாவது, நொடிக்கு 838 இலட்சம் கோடி கணக்குகள்.

தொகுதியில் கணக்குச் செய்யும் பொறி வேறு. விவரங்களைச் சேமித்துவைக்கும் பொறி வேறு. பாதுகாப்பான தொகுதியில், “நீ யாருடைய வேலையைச் செய்கிறாய்?” என்று சேமிப்புப் பொறி கேட்கும். நள்ளிரவில் கேட்டால் விடை சொல்ல மாணவர் அங்கே இருப்பாரா? கடவுச்சொல்லை நிரலிலேயே எழுதிவைத்தாலோ, நிரலைப் படிப்பவர் அனைவருக்கும் அது தெரிந்துவிடும்.

காப்பித் தோட்டத்துச் சீட்டு

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தைக் கற்பனை செய்துகொள்வோம். காலையில் அலுவலகத்தில் தம்மை இன்னார் என்று மெய்ப்பிப்பவருக்கு ஒரு சீட்டு கிடைக்கும். அதைக் காட்டினால் உலர்களத்துக் காவலர் உள்ளே விடுவார். சீட்டு அன்று மாலைவரைதான் செல்லும். யாரேனும் அதைத் திருடினாலும் மறுநாள் அது வெறும் காகிதம்!

கணிப்பொறி உலகில் இம்முறைக்குக் கெர்பரோஸ் என்று பெயர். கிரேக்கப் புராணத்தில் வரும் காவல் நாயின் பெயர் அது. நீடமும் ஷ்ரோடரும் 1978-இல் வெளியிட்ட முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், 1983-இல் தொடங்கிய அதீனா திட்டத்தில் இது உருவாயிற்று.

இதில் கடவுச்சொல் கம்பிவழியே செல்வதே இல்லை. அச்சொல்லிலிருந்து ஆக்கிய மறைச்சாவியால் பூட்டிய விடையை மையப் பொறி அனுப்புகிறது. சரியான சொல்லை அறிந்தவரே அதைத் திறந்து சீட்டைப் பயன்படுத்த முடியும். சீட்டில் நேரம் குறிக்கப்பட்டிருப்பதால் பொறிகளின் கடிகாரங்கள் ஒத்திருக்க வேண்டும். பொதுவாக 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் சீட்டு ஏற்கப்படாது.

எங்கள் மாணவரின் சீட்டுக்கு ஆயுள் 10 மணி நேரம். அது தீர்ந்ததும் சேமிப்புப் பொறி கதவைச் சாத்திவிட்டது. செய்த கணக்கை எழுதிவைக்க இடமின்றி வேலை நின்றது.

நீண்ட வேலைக்கு வழி

முதல் வழி, புதுப்பித்தல். காலம் தீருமுன்பே பழைய சீட்டைக் காட்டிப் புதியது பெறலாம், கடவுச்சொல் தேவையில்லை. தீர்ந்துபோன சீட்டைப் புதுப்பிக்க முடியாது. புதுப்பித்தலுக்கும் ஓர் எல்லை உண்டு. பல இடங்களில் அது 7 நாள். ஹடூப் என்னும் தொகுதி மென்பொருளில், வேலைக்கென்றே தரும் பிரதிநிதிச் சீட்டை வழக்கமாக 24 மணிக்கு ஒருமுறை புதுப்பித்து, 7 நாள்வரை பயன்படுத்தலாம்.

வாரக்கணக்கில் ஓடும் வேலைக்கு இரண்டாவது வழி: மறைச்சாவியை ஒரு கோப்பில் வைத்து, வேலையே அதைக்கொண்டு புதிய முதற்சீட்டைப் பெறச் செய்வது. ஆனால் அக்கோப்பு கடவுச்சொல்லுக்குச் சமம். களவுபோனால், சாவியை மாற்றும்வரை திருடனுக்குக் கதவு திறந்தே இருக்கும். ஆகவே உரியவர் தவிர வேறெவரும் படிக்க இயலாதவாறு அதைக் காக்க வேண்டும்; அந்த வேலைக்குத் தேவையான உரிமைகளை மட்டுமே அதற்கு அளிக்க வேண்டும்.

மூன்று நாள் வேலைக்கு முதல் வழியே போதும் அன்றோ? மணிக்கொருமுறை சீட்டைப் புதுப்பிக்கும் சிறு நிரலைச் சேர்த்து, மாணவர் மீண்டும் தொடங்கினார். இம்முறை வேலை முழுமையாக முடிந்தது.

மாணவர்களே! உங்கள் பேருந்துச் சலுகைச் சீட்டிலும் கடைசி நாள் குறிக்கப்பட்டிருக்கும். அது ஏன் என்று இப்போது உங்களால் கூற முடியுமா?